‘சரிங்க மேம்’ என்பதற்கு என்ன பொருள்?

கடந்த பருவத்தின் கடைசி வாரத்தில் என் மாணவர்களிடம் ஒரு கருத்துப் படிவத்தைக் கொடுத்தேன். வடசென்னையில் உள்ள ஒரு கலை, அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அந்தப் பருவம் முழுவதும் பாடங்களைக் காணொளிகளாகப் பதிவு செய்து இணைய வகுப்பறையில் ஏற்றி, ஒவ்வொன்றின் கீழும் சந்தேகம் கேட்பதற்கு ஓர் இடமும் வைத்திருந்தேன். அவை பயன்பட்டனவா, கையாள எளிதாக இருந்தனவா, அடுத்த பருவத்திலும் வேண்டுமா என்பவையே படிவத்தில் இருந்த கேள்விகள். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதில் முடியும் ஐந்து கட்டங்கள் கொடுத்திருந்தேன். பெயர் எழுத வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். திரும்பி வந்த தாள்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் முதல் இரண்டு கட்டங்களில்தான் குறி விழுந்திருந்தது. சிலர் அடியில் ‘நன்றி மேம்’ என்றும் எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை, யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவை இணைய வகுப்பறையில் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான காணொளிகளைப் பாதி வகுப்பு தொடவே இல்லை. சந்தேகம் கேட்பதற்காக நான் வைத்திருந்த இடத்தில் பருவம் முழுவதும் ஒரு கேள்விகூட வந்திருக்கவில்லை.

மாணவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. நான் எழுதியிருந்த கேள்விக்கு அல்லாமல் தங்கள் காதில் விழுந்த கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். ‘மேம் நமக்காக இவ்வளவு சிரமப்பட்டாரே, அதை மதிக்கிறீர்களா?’ என்பதே அவர்களுக்குக் கேட்ட கேள்வி. அதற்கு ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பது முழு மனத்தோடு சொன்ன உண்மையான பதில். வகுப்பில் ‘லிங்க் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே குரலில் எழும் ‘சரிங்க மேம்’ என்பதும் அத்தகையதே. சில நேரம் அதற்குப் ‘புரிந்தது’ என்று பொருள், சில நேரம் ‘நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நாங்கள் கேட்டுக்கொண்டோம்’ என்று பொருள், வேறு சில நேரங்களிலோ ‘எங்களால் முடியாது, ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?’ என்று பொருள். இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு ‘ஏற்பு’ என்று பெயரிட்டுக் கூட்டிப் பார்த்தால், கணக்கு சரியாக வரும், ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கற்போர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்கிறார்களா என்று ஆராய்பவர்களில் மிகப் பலர் ஒரே அடித்தளத்தின் மீது நிற்கிறார்கள். அது பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு கருவி தமக்குப் பயன்படும் என்று ஒருவர் எந்த அளவுக்கு நம்புகிறார், அதைக் கையாள்வது எவ்வளவு எளிது என்று நினைக்கிறார் என்ற இரண்டையும் அளந்துவிட்டால், அவர் அதைப் பயன்படுத்துவாரா என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரைக்காகக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் 152 பேர். அவர்களில் பெரும்பாலானோர் டொரண்டோவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள், மற்றவர்கள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாலை நேரத்தில் மேலாண்மை படித்தவர்கள். எளிமையான, தெளிவான அந்த மாதிரியின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த இரண்டு கேள்விகளும், ‘எனக்கு இது பயன்படுமா?’ என்று தனக்குத்தானே கேட்டுத் தானே முடிவெடுக்கிற ஒரு தனிமனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதை என் வகுப்பறையில் நின்றுகொண்டு மறக்க முடியவில்லை.

இந்த ஐயம் எனக்கு மட்டும் வந்ததன்று. 1997-இல் ஸ்ட்ராப், கெய்ல், பிரென்னர் ஆகிய மூவரும் இதே மாதிரியை மூன்று நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று விமான நிறுவனங்களின் ஊழியர்களிடம் மின்னஞ்சலைப் பற்றி ஒரே வினாப்பட்டியலைக் கொடுத்தார்கள். மாதிரி அமெரிக்காவில் பொருந்தியது, சுவிட்சர்லாந்திலும் பொருந்தியது, ஜப்பானில் பொருந்தவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல், மெக்காய், கலெட்டா, கிங் என்ற மற்றொரு மூவர் பல நாட்டு மாணவர்களிடம் ஆராய்ந்துவிட்டு, மேலோர் கீழோர் இடைவெளியை இயல்பாக எடுத்துக்கொள்பவர்களிடமும், குழுவைத் தனக்கு மேலாக வைப்பவர்களிடமும் டேவிஸின் மாதிரி தடுமாறுகிறது, எனவே எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று எழுதினார்கள். இதைப் படித்தபோது என் கையிலிருந்த கருத்துப் படிவங்கள்தான் நினைவுக்கு வந்தன.

அந்த ‘இடைவெளி’, ‘குழு’ என்ற அளவைகள் நெதர்லாந்து நாட்டு உளவியலாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டீட் வகுத்தவை. 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐ.பி.எம். ஊழியர்களிடம் திரட்டிய விடைகளிலிருந்து அவர் அவற்றை உருவாக்கினார். ஏறத்தாழ நூறு வரை செல்லும் அவருடைய அளவுகோலில், அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. தனிமனித நாட்டத்தில் இந்தியாவுக்கு 48, அமெரிக்காவுக்கு 91. கல்வித் தொழில்நுட்பக் கட்டுரைகளில் இந்த எண்களை எடுத்துப் போட்டு ‘ஆகவே இந்திய மாணவர்கள் ஆசிரியர் சொல்லை மீற மாட்டார்கள்’ என்று முடித்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. புள்ளியியல் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு இது வருத்தம் தருகிறது. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. என்ற எண்ணை வைத்துக்கொண்டு, நாளை காலை வேளச்சேரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாட்டின் சராசரி அந்த நாட்டில் பிறந்த ஒரு பெண்ணின் குணமாகிவிடாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் ஒருத்தி ராயபுரத்தில் மீன் வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து வருகிறாள், ஒருத்தி செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிறாள், மூன்றாமவள் தந்தை வங்கியில் வேலை பார்க்கும் வீட்டில் ஆங்கில வழியில் படித்து வந்தவள். 77 என்ற எண் இந்த மூவரில் யாரைப் பற்றியும் எனக்கு எதையும் சொல்வதில்லை.

எனவே, எண்களை ஒதுக்கிவிட்டு, என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். முதலில் கேள்வியை மாற்றினேன். ‘இது உங்களுக்குப் பயன்பட்டதா?’ என்று கேட்காமல், ‘உங்கள் தம்பியோ தங்கையோ அடுத்த ஆண்டு இதே பாடத்தைப் படிக்க வந்தால், தேர்வுக்கு முன்னால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தேன். தம்பி, தங்கையின் நன்மை என்று வந்தவுடன் மேமின் மனம் நோகுமே என்ற தயக்கம் பின்னால் போய்விட்டது. சீனியர் அக்கா எழுதிய நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொள், யூடியூபில் தமிழில் பாடம் சொல்லும் ஓர் அண்ணாவின் சேனலைப் பார், போன ஐந்து ஆண்டுக் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார், லீடரிடம் கேள் என்று எழுதியிருந்தார்கள். என் காணொளிகளைச் சிலர் குறிப்பிட்டிருந்தார்கள், ஆனால் நான் எதிர்பாராத ஒரு நிபந்தனையோடு: ‘வீட்டில் போன் கிடைத்தால் பார்.’

அந்தச் சொற்களைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தேன். போன் இல்லாத மாணவர் இப்போது என் வகுப்பில் மிகக் குறைவு. ‘கிடைத்தால்’ என்று அவர்கள் எழுதியது, போன் கையில் இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார அனுமதி கிடைத்தால் என்ற பொருளில். ஒரு பிள்ளை படிக்கிறது என்பதற்கு நம் வீடுகளில் ஓர் அடையாளம் இருக்கிறது. மடியில் புத்தகம் விரிந்திருக்க வேண்டும், உதடு அசைய வேண்டும், முடிந்தால் அடுப்படிவரை சத்தம் கேட்க வேண்டும். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் ஒரு சான்று. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை படிக்கிறதா, படம் பார்க்கிறதா, யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறதா என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? மகளாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். ‘எந்நேரமும் போனும் கையுமா இருக்காளே, காலேஜ்ல அதைத்தான் சொல்லித் தர்றீங்களா மேடம்?’ என்று பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார்.

அந்த அம்மாவின் மகளிடம் அடுத்த நாள் ஓர் ஏற்பாடு சொன்னேன். காணொளியைப் பார்க்கும்போது மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, நான் போடும் கணக்கை நிறுத்தி நிறுத்தி எழுத வேண்டும். முடிந்தால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என் குரல் வீட்டில் கேட்கும்படி வைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவள் வந்து, ‘இப்ப அம்மாவே போன் சார்ஜ் போட்டு வெச்சுடறாங்க மேம்’ என்றாள். காணொளி மாறவில்லை, அதன் பயனும் எளிமையும் மாறவில்லை. அந்த வீட்டுக்குத் தெரிந்த படிப்பின் அடையாளத்துக்குள் அது வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஏற்பு என்பது மாணவியின் மனத்துக்குள் நடப்பது என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். இங்கே அது அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்தது.

இதைப் பார்த்த பிறகு, பெருந்தொற்றுக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சிக்குக் கிடைத்த வரவேற்பு எனக்கு வேறு வகையில் புரிந்தது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, பாடங்கள் அதில் வகுப்பு வாரியாக வந்தன. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் எளிய வீடுகளுக்கும் பெட்டி போய்ச் சேர்ந்திருந்தது. அது கூடத்தில், எல்லோர் கண் முன்னாலும் இருக்கும் பொருள். பாட்டியும் கூட உட்கார்ந்து பாடம் கேட்கலாம், யாருக்கும் ஐயம் எழாது. கேள்வி கேட்க முடியாத, நிறுத்திப் பார்க்க முடியாத கருவி அது. கற்பித்தல் முறை என்று பார்த்தால் போனைவிடப் பின்தங்கியதுதான். இருந்தாலும் வீட்டின் ஒப்புதலோடு உள்ளே வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அதற்கும் ஒரு படி மேலே போய், தெருவில் தெரிந்த முகமான ஒரு தன்னார்வலரை மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார வைத்தது. பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். கருவியைவிட அந்த உறவுச் சொல்லுக்குக் கதவு எளிதில் திறந்தது.

மதிப்பது வேறு, பயன்படுத்துவது வேறு என்பதை எனக்குக் கற்றுத் தந்தது மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த என் மாணவர்கள் பலரிடம் அது இருந்தது. ‘கொண்டு வாருங்கள், வகுப்பிலேயே தரவுகளைப் போட்டுப் பார்க்கலாம்’ என்றேன். ஒரு மாணவன், அது வீட்டில் பீரோவுக்குள் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது, அப்பா ஆயுத பூஜைக்குத்தான் வெளியே எடுப்பார் என்றான். கெட்டுப்போனால் இன்னொன்று வாங்க முடியாது என்ற அச்சமும், வீட்டுக்கு வந்த விலையுயர்ந்த பொருளுக்குச் செலுத்தும் மரியாதையும் கலந்த செயல் அது. செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழையும் கல்லூரிக் கணினி ஆய்வகத்திலும் இதே அச்சத்தைப் பார்க்கிறேன். ‘தப்பா அழுத்திட்டா கெட்டுடுமா மேம்?’ என்று கேட்கிற பிள்ளைக்கு, ‘கெடாது, அப்படியே கெட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம், எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விடப் பெரிய உதவி.

இனி, சந்தேகம் கேட்கும் இடத்தில் ஒரு கேள்விகூட வராததன் காரணத்துக்கு வருகிறேன். பொது இடத்தில், தன் பெயரோடு, எழுத்தில் ஒரு கேள்வியை வைப்பதென்றால், ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதை வகுப்புக்கே அறிவித்தாக வேண்டும். அதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது: ‘மேம் சரியாகச் சொல்லித் தரவில்லை’ என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே கேள்விகள் அங்கே வராமல் இரவு பத்தரை மணிக்கு என் வாட்ஸ்அப்பில், ‘மேம், ஃப்ரீயா இருக்கீங்களா, ஒரு சின்ன டவுட்’ என்று தனித்தனியாக வந்தன. ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து, ஐந்து பேரும் தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற எண்ணத்தோடு. இன்னொரு வழியும் இருந்தது. வகுப்புத் தலைவி என் அறைக்கு வந்து, ‘மேம், நம்ம கிளாஸ்ல சில பேருக்கு அந்த ஒட்டுறவு கணக்கு புரியலையாம்’ என்பாள். அந்தச் சில பேரில் அவளும் ஒருத்தியாக இருக்கலாம், நான் கேட்க மாட்டேன். பெயரில்லாத பன்மையில் வரும் அந்தக் கேள்வி யாருடைய முகத்தையும் வாட விடாமல் வேலையை முடிக்கிறது.

அவள் செய்வது, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இடையில் நின்று பாடம் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்த வேலையின் தொடர்ச்சி. இந்த ஊருக்கும் அந்தச் சட்டாம்பிள்ளைக்கும் உலக அளவில் ஒரு தொடர்பு உண்டு என்பதை என் மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர் அது ஆகாது என்று மறுத்துவிட்டார். பெல் அந்தப் பொறுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்தார், அவன் செய்து காட்டினான். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அந்த முறையைப் பற்றி அவர் 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. மணல் பரப்பிய அந்தத் தட்டும் ஒரு கல்வித் தொழில்நுட்பமே. புதிய பண்பாட்டுக்குள் போனபோது அதை ஏற்க மறுத்தவர் ஆசிரியர், ஏற்றுக்கொண்டது பிள்ளைகள், அதிலும் ஒரு பிள்ளையின் கையிலிருந்து இன்னொரு பிள்ளையின் கைக்குப் போன போதுதான் அது ஊன்றியது. ஆசிரியர் சொல்வதிலிருந்து கால் பங்கு, உடன் படிப்பவரோடு பழகுவதில் கால் பங்கு, பிறருக்கு விரித்துரைப்பதில் மீதி அரைப் பங்கு என்று கல்வியைப் பங்கிட்டுச் சொல்லும் நன்னூல் நம்மிடம் இருக்கும்போது, முழுப் பங்கையும் ஒரு மாணவருக்கும் ஒரு திரைக்கும் இடையில் வைத்துவிட நான் முயன்றது எனக்கே இப்போது வியப்பாக இருக்கிறது.

வினாடி வினாச் செயலி ஒன்றை வகுப்பில் நடத்தியபோதும் இதையே கண்டேன். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் திரையில் பெயரும் தரவரிசையும் ஓடும். இரண்டாவது கேள்வியிலேயே பின்பெஞ்சு கையைக் கட்டிக்கொண்டது. முதலிடத்தில் வந்த பெண்ணும் மகிழவில்லை, தோழிகளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம் பெஞ்சுக்கு ஒரு போன், பெஞ்சுக்கு ஒரு பெயர் என்று மாற்றினேன். பொன்னி, பாலாறு, கூவம், அடையாறு என்று அவர்களே பெயர் வைத்தார்கள். விடையை அழுத்துவதற்கு முன்னால் நடந்த வாக்குவாதத்தில், நான் இரண்டு வகுப்பில் சொன்னதைவிட அதிகமாக அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். செயலியை எழுதியவர்கள் தனி ஓட்டத்தைத்தான் எண்ணியிருந்தார்கள், என் பிள்ளைகள் அதைக் கபடியாக ஆக்கிக்கொண்டார்கள்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் ‘திட்ட விலக்கம்’ என்றால் சட்டென்று புரியும். ஆங்கில வழியில் படித்த அடுத்த பெஞ்சுப் பெண்ணுக்கு அந்தச் சொல் புதிது, அவளுக்கு ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்றால்தான் விளங்கும். 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் திட்டம் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகத் தருகிறது. அதன் தரத்தைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, நானே அதிலிருந்து படித்திருக்கிறேன். ஆனால் என் மாணவர்கள் நள்ளிரவில் தேடிப் போவது, ‘இப்ப இந்த எக்ஸ் பாரை இங்க இருந்து கழிச்சிடுங்க, பயப்படாதீங்க’ என்று பேசும் யூடியூப் அண்ணாவிடம். அந்த ‘பயப்படாதீங்க’ என்ற சொல்லுக்காகவே போகிறார்கள் என்று நான் நம்புகிறேன். தொழில்நுட்பத்தை ஏற்காதவர்கள் என்று நாம் படிவத்தில் எழுதிவைத்திருக்கும் அதே பிள்ளைகள், எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல், எந்த இன்டர்னல் மார்க்கும் இல்லாமல், தோழி அனுப்பிய ஒரு லிங்க்கை நம்பி மணிக்கணக்கில் படிக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ‘பண்பாடு’ என்ற சொல்லுக்குப் பின்னால் வறுமையை ஒளித்துவைப்பது மிக எளிது. இணைய வகுப்பு நடந்த மாதங்களில் மாணவர்கள் கேமராவை ஆன் செய்யாததற்கு, நம் பிள்ளைகள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று ஒரு கூட்டத்தில் விளக்கம் சொல்லப்பட்டது. நானும் தலையாட்டினேன். பின்னர் ஒரு மாணவி, ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருப்பதால் மாடிப்படியில் உட்கார்ந்து வகுப்பைக் கேட்பதாகச் சொன்னாள். அது கூச்சம் அன்று. தன் வீட்டை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை அவளுடையது. கேமராவை அணைத்தது அந்த மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான். டேட்டாவும் அப்படித்தான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவை இலவசமாகத் தருவதாக அரசு அறிவித்ததே, காணொளியைப் பார்க்காததற்கு மனம் மட்டும் காரணம் அன்று என்பதற்குச் சான்று. 2003-இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஏற்பு மாதிரியை விரித்து எழுதியபோது, சமூகத்தின் செல்வாக்கையும், பயன்படுத்துவதற்கு வேண்டிய வசதிகளையும் தனித்தனிக் காரணிகளாகச் சேர்த்தார்கள். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்ப்பதுதான் என் போன்றவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. ரீசார்ஜ் தீர்ந்துபோன பிள்ளையிடம் மனமாற்றத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. வீட்டில் போனைத் தொட அனுமதி இல்லாத பெண்ணுக்கு இன்னும் 2 ஜி.பி. கொடுப்பதில் பயன் இல்லை.

வெங்கடேஷ் குழுவின் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கட்டாயம் இருக்கும் இடத்தில்தான் மேலே இருப்பவர்களின் எதிர்பார்ப்பு மிகுந்த வலுவோடு வேலை செய்கிறது. என் கல்லூரியில் எல்லாமே கட்டாயம்தான்: காணொளி பார்த்தால் வருகைப் பதிவு, வினாடி வினாவுக்கு இன்டர்னல் மார்க். கட்டாயத்தின் கீழ் கிடைத்த ‘சரிங்க மேம்’ என்பதை ஏற்பு என்று அறிக்கையில் எழுதிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. இந்தப் பருவத்தில் முதல் வேலையாகக் காணொளிகளுக்கான வருகைப் பதிவை நீக்கிவிட்டேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அந்தக் குறைவான எண்ணிக்கையை இப்போது நம்ப முடிகிறது.

சந்தேகங்களுக்கு ஒரு புதிய ஏற்பாடு செய்திருக்கிறோம். வகுப்புத் தலைவியும் இன்னும் மூன்று பேரும் வாரத்துக்கு ஒருமுறை கேள்விகளைச் சேகரித்து, பெயர் இல்லாமல் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எந்தக் கேள்விக்குத் தங்களுக்குள்ளேயே விடை கிடைத்துவிட்டதோ, அதை அவர்களே அடித்துவிடுகிறார்கள். மிஞ்சியவைதான் என்னிடம் வருகின்றன. முதல் வாரம் பதினெட்டு கேள்விகள் வந்தன, அவற்றில் பதினொன்று அடிக்கப்பட்டிருந்தன.

சென்ற வாரம் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, ‘மாதிரிக் கணிப்புப் பாடத்துக்கு நாற்பது நிமிடக் காணொளி ஒன்று போட்டுவிடட்டுமா?’ என்று அவர்களிடம் கேட்டேன். தலைவி வழக்கம்போல் வாயைத் திறப்பதற்குள், கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வரும் ஒரு பெண், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, ‘வேண்டாம் மேம்’ என்றாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே, அத்திப்பட்டு தாண்டினால் சிக்னல் விட்டு விட்டு வருகிறது, ரயிலில் நின்றுகொண்டே திரையைப் பார்க்கவும் முடிவதில்லை, பத்து நிமிட ஆடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காலையிலேயே டவுன்லோட் செய்துகொண்டு எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்டு வருவோம், கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி போட்டோ எடுத்துப் போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் ஆடியோவைப் பதிவு செய்தேன். பத்து நிமிடத்துக்குள் அடக்க நான்கு முறை முயல வேண்டியிருந்தது.